பட்டத்தின் விலையும் பாடத்தின் கூலியும்

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பரப்பலாற்று அணைப்பக்கம் ஏறிச்செல்லும் மலைப்பாதை பாச்சலூரைச் சென்று தொடும். கோடைக்கானல் வட்டத்துள் அடங்கிய ஊராயினும், ஏரியும் படகும் பனிமூட்டமுமாக வெளியூரார் அறிந்த கோடைக்கானல் அன்று அது. கீழ்ப்பழனி மலையின் உழைப்பாளர் ஊர். காப்பி எனப்பெறும் குளம்பியும், அதன் நிழல்மரங்களிற் படர்ந்த மிளகும், மலைவாழையும் அம்மக்களின் வாழ்வைத் தாங்குவன. இம்மூன்றும் நிலையுறுதி அற்றவை. குளம்பியின் விலை இலண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள பொருட்சந்தைகளில் ஏறி இறங்குவது. விளைத்தவனுக்கு அதில் வாயில்லை. மலைவாழையோ சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் முடிக்கொத்து நோய்க்குப் பெரும்பரப்பைப் பறிகொடுத்து, புவிசார் குறியீடு பெற்ற பின்னும் பழைய நிலையை எய்தாதது.

இத்தகைய வருவாயை நம்பி வாழும் மலைக்குடும்பம் தன் மக்களுள் ஒருவரை ஆசிரியராக்க எண்ணுவது வியப்பன்று. மருத்துவமும் பொறியியலும் அதன் கைக்கெட்டாத் தொலைவில் உள்ளன. காவற்பணிக்கு உடல் வேண்டும். வணிகத்திற்கு முதல் வேண்டும். ஆசிரியப் பணிக்கோ படிப்பொன்றே போதும் என்று தமிழ்நாட்டு ஏழையர் மூன்று தலைமுறைகளாக நம்பி வந்துள்ளனர். அந்நம்பிக்கை பொய்யானதும் அன்று. பறைச்சேரியிலிருந்தும் குறவர் குடிசையிலிருந்தும் உழுகுடி முற்றத்திலிருந்தும் முதன்முதலாகத் திங்கட்சம்பளம் பெற்ற பல்லாயிரவர் அப்பணியின் வழியாகவே பெற்றனர். ஆயின் அன்று அப்படிப்பின் விலை வேறு, இன்று வேறு. பி.எட். எனப்பெறும் கல்வியியல் பட்டத்தை வாங்கும் பொழுது பாச்சலூர்க் குடும்பம் எதனைக் கொடுக்கின்றது, எதனைப் பெறுகின்றது என்பதை ஒருமுறை உருபா கணக்கிலேயே எழுதிப் பார்த்தல் நன்று. அறப்பணி, ஈகம், எழுத்தறிவித்தவன் தெய்வம் என்னும் மேடைப்பேச்சுகள் அதுவரை வெளியே நிற்கட்டும். அப்பேச்சுகளைப் பேசுவோர் ஒருவரும் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டதாகச் செய்தியில்லை.

கணக்கிற்கு 2022-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்க. அவ்வாண்டைத் தேர்ந்ததன் கரணியம் பின்னர் விளங்கும். கல்வியியல் கல்லூரிக்கு மலையிறங்கியாக வேண்டும். தனியார் கல்லூரிக்கு அரசின் கட்டணக் குழு வகுத்த தொகையை ஒட்டி ஆண்டுக்கு 40,000 உருபா என்று கொண்டால் இரண்டாண்டிற்கு 80,000. மலையிலிருந்து நாள்தோறும் போய்வர இயலாதாகலின் விடுதியும் உணவும் திங்களுக்கு 5,000 வீதம் இருபது திங்களுக்கு 1,00,000. நூல், தேர்வுக் கட்டணம், பயிற்சிப் பதிவேடுகள், பாடக்கருவிகள், பேருந்துச் செலவு ஆகியவற்றைச் சிக்கனமாக 20,000-இல் அடக்கலாம். ஆகக் கையிலிருந்து போவது இரண்டு இலக்கம். இதில் கல்லூரிக்காரர் கணக்கில் வராமற் கேட்கும் தொகைகள் சேர்க்கப்பெறவில்லை. அத்தகைய தொகைகளே இல்லை என்று கூறுவார் இருப்பின், அவர் அண்மையில் எவரையும் கல்லூரியிற் சேர்த்திலர்.

இனி, கையிலிருந்து போகாமல் கைக்கு வராமற் போவது ஒன்றுண்டு. படிக்கும் இரண்டாண்டும் அவ்விளைஞர் தோட்டத்தில் இறங்கவில்லை. அவ்வாண்டு நூறுநாள் வேலைத்திட்டத்தில் தமிழ்நாட்டிற்கு வகுக்கப்பெற்ற நாட்கூலி 281 உருபா. தோட்டக்கூலி இதனினும் கூடுதலாக இருப்பதுண்டு. எனினும் அரசே வகுத்த இத்தொகையை அளவுகோலாகக் கொள்க. திங்களுக்கு 26 நாள் வேலை கிடைத்தால் 7,306 உருபா. இரண்டாண்டிற்கு 1,75,344 உருபா. செலவும் இழப்பும் கூட்டினால் 3,75,344. முன்னதாகிய மூன்றாண்டுப் பட்டத்தின் செலவு இதில் இல்லை. அதனையும் கூட்டினால் பாச்சலூர்த் தோட்டக்காரர் கணக்கேட்டை மூடிவிட்டுக் களைவெட்டப் போய்விடுவார்.

இனிப் பெறுவது. ஈண்டுத்தான் பட்டத்தின் மெய்யான வடிவம் வெளிப்படுகின்றது. ஒரே பட்டம், ஒரே கரும்பலகை, ஒரே பாடநூல், ஒரே முப்பத்தைந்து பிள்ளைகள்; ஆயின் கூலி மூவகை.

அரசுப் பள்ளியில் நிலையான பணியமர்த்தம் பெற்றவர்க்கு, அரசு இன்றும் 'பட்டதாரி' என்று அரைத்தமிழிற் குறிக்கும் அவ்வாசிரியர்க்கு, 2017-ஆம் ஆண்டின் ஊதியத் திருத்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் மட்டும் 36,400 உருபா. அகவிலைப்படி தனி. நாட்கூலியாளர் பெறும் 7,306-ஐக் கழித்தால் திங்களுக்கு 29,094 மிகுதி. பட்டத்திற்கு இட்ட முதல் முழுவதும் பதின்மூன்று திங்களில் மீண்டுவிடும். தமிழ்நாட்டில் எந்த நிலமும் எந்த வணிகமும் இத்துணை விரைவில் முதலை மீட்டுத் தருவதில்லை. ஏழைக்குடும்பங்களின் கண்முன் காட்டப்பெறுவது இவ்வொரு கணக்கே. கல்லூரி விளம்பரப் பலகையிற் சிரிக்கும் முகங்கள் எல்லாம் இக்கணக்கின் முகங்கள்.

இரண்டாவது கூலி, அதே அரசு, அதே பள்ளியில், இடைக்காலமாக அமர்த்தும் ஆசிரியர்க்குத் தருவது. 2022-ஆம் ஆண்டு சூலையில் 13,331 ஆசிரியப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வழியே இடைக்காலமாக நிரப்புமாறு தமிழ்நாட்டரசு ஆணையிட்டது. இடைநிலை ஆசிரியர்க்கு 7,500; பட்டதாரி ஆசிரியர்க்கு 10,000; முதுகலை ஆசிரியர்க்கு 12,000. பள்ளி ஆண்டு முடிந்தால் வேலையும் முடியும். மண்வெட்டி பிடிப்பவர்க்கு அரசு வகுத்த 7,306-க்கும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அகரம் எழுதிக் காட்டுபவர்க்கு அரசு வகுத்த 7,500-க்கும் இடையே உள்ள வேற்றுமை 194 உருபா. 2022-ஆம் ஆண்டைத் தேர்ந்தது இதற்காகவே. மண்வெட்டும் தொழிலாளர் இழிந்தவர் அல்லர். அவர்க்கும் அக்கூலி போதாது என்பதே உண்மை. ஆயினும் இருவகைப் படிப்பும் ஈராண்டுப் பயிற்சியும் கட்டாயம் என்று சட்டம் போடும் அரசு, அப்பயிற்சியின் விலையாகத் திங்களுக்கு 194 உருபாவை எடுத்து வைத்ததைத் தமிழ்நாட்டின் கல்வி வரலாறு குறித்துக்கொள்ளத் தக்கது.

பட்டதாரி ஆசிரியரைப் பார்க்க. 10,000-இல் 7,306 போக எஞ்சுவது 2,694. இதனைக் கொண்டு 3,75,344-ஐ மீட்கப் பதினொன்றரை ஆண்டு வேண்டும். அதுவும் ஆண்டிற்குப் பன்னிரு திங்களும் சம்பளம் வந்தால்! மேலும், கையிலிருந்து போன இரண்டு இலக்கமும் கையிலிருந்ததன்று, கடன். நூற்றுக்கு இரண்டு உருபா என்னும் ஊர்வட்டியில் திங்களுக்கு 4,000 வட்டி. பட்டத்தால் மிகுதியாக வந்தது 2,694. பட்டத்திற்காகச் செலுத்தும் வட்டி 4,000. இக்கடன் என்றும் தீராது. நகையை அடகு வைத்து நூற்றுக்கு ஓர் உருபா வட்டியில் எடுத்திருந்தாலும் எஞ்சுவது 694 உருபாவே. பின்னர் எழுந்த கூக்குரலால் அத்தொகைகள் 12,000, 15,000, 18,000 என உயர்த்தப்பெற்றன. 15,000 என்று கொண்டால் வட்டியில்லாக் கணக்கில் நான்காண்டில் முதல் மீளும். கூக்குரல் எழுப்பாதிருந்தால் 10,000 என்பதே முறையான ஊதியம் என்று ஆகியிருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது கூலி தனியார் பள்ளியினது. அதனைப் பற்றி விரிக்க வேண்டா. பத்தாயிரத்தைத் தொடாத சம்பளத்தில் கையெழுத்து ஒரு தொகைக்கும் கைப்பணம் வேறொரு தொகைக்குமாக வாழ்வோர் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். கோடை விடுமுறைக்குச் சம்பளம் இல்லை. பேருந்தில் வந்து பிள்ளை சேர்க்கும் வேலை மட்டும் உண்டு.

எனவே, கல்வியியல் பட்டத்தின் வரவென்ன என்று வினவும் குடும்பத்திற்கு ஒற்றை விடை இல்லை. பதின்மூன்று திங்கள் என்பதும் ஒரு விடை. பதினொன்றரை ஆண்டு என்பதும் ஒரு விடை. என்றும் இல்லை என்பதும் ஒரு விடை. இம்மூன்றனுள் எது தமக்கு வாய்க்கும் என்பதை உறுதிசெய்வது படிப்பன்று, திறமையன்று, உழைப்பன்று. அரசு எந்த ஆண்டில் எத்தனை இடத்தை நிலையாக நிரப்ப மனம் வைக்கின்றது என்பதே. இவ்வாறு விளைவு தன் கையில் இல்லாத ஒன்றிற்குப் பணம் கட்டுவதற்குத் தமிழில் ஒரு பெயருண்டு. அப்பெயர் கல்வி என்பதன்று.

இந்நிலை தானே விளைந்ததன்று. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பறிக்கப்பெற்றுப் பொதுப்பட்டியலில் வைக்கப்பெற்றது. நெருக்கடிநிலை போன பின்னும் பறித்தது திரும்பவில்லை. 1993-இல் இயற்றிய சட்டத்தின்படி ஆசிரியர் கல்விக்கெனத் தில்லியில் ஒரு குழுமம் அமைந்தது. ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்லூரி வேண்டுமா, வேண்டாவா என்பதை அறியத் தில்லிக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும் என்றாயிற்று. அக்குழுமம் ஒப்புதலைக் கஞ்சத்தனமாகவும் வழங்கவில்லை. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தமிழ்நாட்டுத் தனியார் கல்வியியல் கல்லூரிகள் மழைக்காளான்களாக முளைத்தன. 2008-இல் ஆசிரியர் கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே அமைக்கவேண்டிய அளவிற்கு அவை பெருகி, ஏறத்தாழ எழுநூறு கல்லூரிகள் என்னும் நிலையை எட்டின. அரசுக் கல்லூரிகளும் அரசுதவி பெறும் கல்லூரிகளும் சேர்ந்து இருபத்தொன்றைத் தாண்டவில்லை. அவற்றின் இடங்கள் ஏறத்தாழ இரண்டாயிரம். சைதாப்பேட்டையில் இன்றும் நடைபெறும் ஆசிரியர் கல்லூரி 1856-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பயிற்சிப் பள்ளியின் வழிவந்தது. ஆங்கிலன் தன் ஆட்சிக்கு வேண்டிய ஆசிரியரைத் தன் செலவிற் பயிற்றினான். விடுதலை பெற்ற அரசோ தன் பள்ளிக்கு வேண்டிய ஆசிரியரைப் பாச்சலூர் உழவன் செலவிற் பயிற்றிக்கொள்கின்றது!

ஓராண்டாக இருந்த படிப்பு, வர்மா ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, 2014-இல் வகுத்த நெறிமுறைகளால் 2015 முதல் ஈராண்டாக நீண்டது. தரம் உயரும் என்றனர். கட்டணம் இருமடங்காயிற்று, விடுதிச்செலவு இருமடங்காயிற்று, இழந்த கூலி இருமடங்காயிற்று. தரத்தைப் பற்றி அறிந்தோர் கூறுவர். 2025-ஆம் ஆண்டில் அதே குழுமம் வெளியிட்ட வரைவு, நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ பெற்றவர்க்கு ஓராண்டே போதும் என்கின்றது. அங்ஙனமாயின் இடைப்பட்ட பத்தாண்டில் இரண்டாம் ஆண்டிற்குப் பணம் கட்டிய இலக்கக்கணக்கானோர் எதற்குக் கட்டினர் என்பதற்கு அவ்வரைவில் விடையில்லை.

பட்டத்தோடு முடிந்ததா? கல்வியுரிமைச் சட்டத்தின் வழியே தகுதித்தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் முதல் தகுதித்தேர்வு 2012 சூலை 12-இல் நடைபெற்றது. ஆறரை இலக்கத்திற்கு மேற்பட்டோர் எழுதினர். தேறியோர் 2,448 பேர். நூற்றுக்கு அரைப்பேர் கூட இல்லை. பல்கலைக்கழகம் தகுதியுடையர் என்று பட்டம் அளித்த இலக்கக்கணக்கானோரை மறுநாளே தகுதியிலர் என்று வேறோர் அலுவலகம் கூறுமாயின், இரண்டனுள் ஒன்று பொய். பொய்யான அஃது எதுவாயினும் அதற்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தந்திருத்தல் வேண்டும். அது நிகழவில்லை. மூன்று திங்களில் மறுதேர்வு வைத்து ஏறத்தாழ 19,000 பேரைத் தேற்றினர்.

2013 ஆகத்தில் நடந்த தேர்வில் தேறியவர்க்கு வேறொரு சூழ்ச்சி காத்திருந்தது. 2014-ஆம் ஆண்டு அரசாணையொன்று பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் தகுதித்தேர்வோடு கூட்டித் தரவரிசை செய்தது. மதிப்பெண்ணை அள்ளி வழங்காத காலத்திற் படித்த மூத்தோரும், ஆசிரியரே இல்லாத மலைப்பள்ளியிற் படித்தோரும் பின்தள்ளப்பெற்றனர். அவ்வாறு பணி கிட்டாது நின்றோர்க்கு 2018 சூலையில் மற்றோர் ஆணை: தகுதித்தேர்வு தகுதிக்கு மட்டுமே, பணிக்குத் தனியாகப் போட்டித்தேர்வு எழுதுக என்பது. அப்போட்டித்தேர்வாவது உடனே வந்ததோ எனின், பட்டதாரி ஆசிரியர்க்கு 2024 பிப்பிரவரி 4-ஆம் நாளிற்றான் வந்தது. 2013-இல் தேறியவர் மீண்டும் தேர்வுக்கூடத்தில் அமர்ந்தபொழுது அவர் பிள்ளைகள் பள்ளியிற் படித்துக்கொண்டிருந்தனர். இதற்கிடையே, காத்திருப்போர் முதுமையுற்றமை கண்டு இரங்கிய அரசு, 2023-இல் பணிநுழைவு அகவையைப் பொதுப்பிரிவினர்க்கு 53 எனவும் ஏனையோர்க்கு 58 எனவும் உயர்த்தியது. ஓய்வுபெறும் அகவை 60. ஐம்பத்தெட்டில் நுழைந்து அறுபதில் வெளியேறும் ஆசிரியரைப் படைத்த பெருமை வேறெந்நாட்டிற்கும் இருத்தல் அரிது.

உள்ளே சென்றோர்க்கும் அமைதியில்லை. 2009 மே 31 வரை பணியேற்ற இடைநிலை ஆசிரியர்க்கு அடிப்படைச் சம்பளம் 8,370 என்றும், மறுநாள் பணியேற்றவர்க்கு 5,200 என்றும் பிரித்து வைத்த முறைகேட்டை எதிர்த்து அவர்கள் ஆண்டுதோறும் தெருவில் அமர்கின்றனர். 2025 செப்தம்பர் 1-ஆம் நாள் உச்சநயன்மன்றம் அளித்த தீர்ப்போ, ஓய்விற்கு ஐந்தாண்டிற்குமேல் உள்ள பழைய ஆசிரியரும் ஈராண்டில் தகுதித்தேர்வில் தேறியாக வேண்டும் என்றது. இருபதாண்டு பாடம் நடத்தியவர் நேற்றுப் படித்து வெளிவந்த தம் மாணவரோடு ஒரே பலகையில் அமர்ந்து எழுதவேண்டிய நிலை இது.

இவையெல்லாம் பொருட்குறையால் விளைந்தன என்று சென்னையில் உள்ளோர் கூறுவர். அதில் ஒரு கூறு உண்மை. புதிய கல்விக்கொள்கையின் வழிப்பட்ட திட்டத்திற்கு இசையாமையால், 2024-25-ஆம் ஆண்டிற்குத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்விக்கு வரவேண்டிய 2,152 கோடி உருபாவைத் தில்லி நிறுத்தி வைத்தது. தமிழரிடம் வாங்கிய வரியைத் தமிழ்ப் பிள்ளைக்குத் தர மும்மொழியை விலையாகக் கேட்பது கொள்ளையன்றி வேறன்று. ஆயினும் 10,000 உருபா ஆசிரியரைப் படைத்தது 2022-இல். கொள்ளை நிகழ்ந்தது 2024-இல். பின்வந்த கொள்ளையைக் காட்டி முன்செய்த சிக்கனத்தை மறைத்தல் பொருந்தாது. அஃதன்றியும், 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியரை 5,000 உருபாவிற்கு அமர்த்தியது ஓராட்சி. 2021-இல் வீடுதேடிக் கற்பிக்கும் தொண்டர்க்குத் திங்களுக்கு 1,000 உருபா என்று வகுத்தது மற்றோராட்சி. கொடிகள் மாறின, கற்பித்தலுக்கு முழுக்கூலி வேண்டா என்னும் எண்ணம் மாறவில்லை.

இனித் தமிழின் கணக்கு. மேலே கண்ட மூவகைக் கூலியுள் மூன்றாவதான தனியார் பள்ளிக் கூலியைக் கூடத் தமிழ்வழிப் படித்தவர்க்கு எளிதிற் கொடுப்பாரில்லை. பாச்சலூரிலும் அதன் சுற்றூர்களிலும் தமிழ்வழியிற் பயின்று, தமிழிலேயே கணக்கும் அறிவியலும் கற்பிக்கத் தேர்ந்து வரும் பெண் ஒருத்தி, மலையடிவாரத்திலுள்ள பதின்மப் பள்ளியில், மெட்ரிக் என்று பலகை தூக்கிய கடையில், வேலை கேட்டு நின்றால் முதல் வினா ஆங்கிலத்தில் வரும். விடை தமிழில் வந்தால் வாயில் காட்டப்பெறும். எனவே அவளுக்கு எஞ்சியது அரசுப்பள்ளி ஒன்றே. அவ்வரசும் 2012-13 முதல் தன் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்துகொண்டு வந்தது. தமிழ்வழிப் பிரிவு மெலிய மெலியத் தமிழ்வழி ஆசிரியரின் பணியிடமும் மெலியும். பணியிடம் மெலியத் தமிழ்வழிப் பட்டத்தின் விலை சரியும். விலை சரியத் தமிழ்வழியில் சேர்வாரில்லை என்று அரசே புள்ளிக்கணக்குக் காட்டும். தமிழைத் தடைசெய்ய எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. கூலிக்கணக்கே போதுமாயிற்று.

தமிழ்வழிக் கற்றார்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அணை. பட்டம் மட்டும் தமிழ்வழியிற் பெற்று உள்ளே நுழைந்தோரைத் தடுக்க, பள்ளி முதலே தமிழ்வழியிற் கற்றிருத்தல் வேண்டும் என்று 2020-இல் அது திருத்தப்பெற்றமையும் நன்றே. 2021 திசம்பரில் அரசுப்பணித் தேர்வுகள் அனைத்திலும் தமிழ்த்தாள் கட்டாயமாக்கப்பெற்றமையும் பாராட்டற்குரியது. ஆனால் இருபது விழுக்காடு என்பது இடங்களின் இருபது விழுக்காடு. இடமே நிரப்பப்பெறாத ஆண்டில் அதன் இருபது விழுக்காடும் சுழியே.

மறைமலையடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடம் அல்லாதாக்கவே 1911-இல் அப்பணியினின்று வெளியேறினார். தமிழுக்கு மதிப்பிறங்கினால் தமிழாசிரியனுக்கு இடமிறங்கும் என்பதற்கு இயக்கத்தின் முதல்வர் வாழ்வே சான்று. வெள்ளையராட்சியில் தமிழ்ப்புலவர்க்கு ஏனைப் பாட ஆசிரியரினும் தாழ்ந்த சம்பளமே வழங்கப்பெற்றது. அந்த இழிவு நீங்கப் புலவர் பெருமக்கள் பல்லாண்டு போராடினர். இன்று இழிவு தமிழ்ப்பாட ஆசிரியரிடமிருந்து தமிழ்வழி ஆசிரியர் அனைவரிடமும் பரவியுள்ளது. ஆகவே இது சம்பளச்சண்டை, தொழிற்சங்கத்தார் வேலை, மொழியியக்கத்திற்கு இதில் என்ன என்று வாளாவிருத்தல் பேதைமை. கடைப்பலகையிற் கிரந்த எழுத்தைக் கண்டால் கொதிக்கும் அன்பர் பலர், தம் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியிலேதான் அப்பலகையைக் காண்கின்றனர். பாச்சலூர்ப் பெண்ணின் பட்டத்தை மதிப்பிழக்கச் செய்யும் கைகளுள் அவர்தம் கைகளும் உள.

மலைப்பள்ளியின் நிலையைத் தனியே எண்ணுதல் வேண்டும். தொடக்கப்பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வியுரிமைச் சட்டத்தின் அளவு. ஐந்து வகுப்பிற்கு இருவர். சமநிலத்தில் ஒருவர் விடுப்பெடுத்தால் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பலாம்; மலையில் பக்கத்துப் பள்ளி என்பதே அடுத்த மலை. கீழிருந்து மாற்றலில் வருபவர் வந்த நாள் முதல் இறங்கும் நாளை எண்ணுகின்றார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் குடும்பம் கீழே. மழைநாளில் பாதை சரியும். யானையும் காட்டெருமையும் வழிமறிக்கும். மலையிலேயே பிறந்து மலையிலேயே வாழ்பவரை ஆசிரியராக்குதலே அதற்கு மருந்து. பளியர் குடிப்பிள்ளை வகுப்பில் வாய்திறக்க வேண்டுமாயின், அப்பிள்ளை பேசும் தமிழைக் கேட்டு நகையாத ஆசிரியர் வேண்டும். அத்தகையவரை உண்டாக்கும் வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவரையே ஒருபுறம் இரண்டு இலக்கக் கடனாளியாக்கி, மறுபுறம் பள்ளியாண்டு முடிந்ததும் வீட்டிற்கு அனுப்புவது அறியாமையும் அன்று, வேண்டாமை.

அதுவரை மலைக்குடும்பங்கள் செய்யத்தக்கதும் உண்டு. அரசு, அரசுதவிக் கல்லூரிகளின் இரண்டாயிரம் இடங்களுள் ஒன்று கிடைத்தால் தயங்காது சேர்க. கட்டணம் தனியார் கட்டணத்தில் சிறுபகுதியே. திண்டுக்கல் மாவட்டத்திலேயே காந்திகிராமத்தில் இலக்குமி கல்வியியல் கல்லூரி உள்ளது. மதுரையில் வேறு சில உள்ளன. அவ்விடம் கிடைக்காதபொழுது நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் தனியார் கல்லூரியில் சேர்தல் வேண்டா. அடுத்த ஆண்டு மீண்டும் முயல்க. அந்த ஓராண்டுக் காத்திருப்பு கடன்வட்டியினும் மலிவு. வகுப்பிற்கு வரவேண்டா, தேர்வெழுதினாற் போதும் என்று தரகர் சொல்லும் கல்லூரிகளை நெருங்கவே வேண்டா. அங்கே விற்பது பட்டமும் அன்று.

அரசினிடம் கேட்கத்தக்கவை மிகையானவை அல்ல. மலைவட்டங்களில் உள்ள ஆசிரியப் பணியிடங்களை இடைக்காலமாக நிரப்பும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். அவ்விடங்களுக்கு அம்மலையிற் பிறந்து தமிழ்வழியிற் கற்றோரை முதற்கண் அமர்த்தி, குறைந்தது பத்தாண்டு அங்கேயே பணிசெய்யும் கட்டுப்பாட்டோடு முழுச்சம்பளம் தருதல் வேண்டும். அவர்தம் கல்வியியல் படிப்பின் கட்டணத்தையும் விடுதிச்செலவையும் அரசே ஏற்று, அப்பத்தாண்டுப் பணியால் அது கழிந்ததாகக் கொள்ளலாம். ஒருவர்க்கு இரண்டு இலக்கம். மலைப்பாதை ஒன்றிற்கு ஒருமுறை தார் பூசும் செலவில் எத்தனையோ ஆசிரியரை உண்டாக்கலாம். ஒவ்வோராண்டும் எத்தனை பேர் ஓய்வுபெறுவர், எத்தனை இடம் காலியாகும் என்பது கல்வித்துறை ஏட்டில் முன்கூட்டியே உள்ளது. எந்தப் பாடத்திற்கு, எந்த வழியில், எந்த வட்டத்தில் எத்தனை இடம் நிலையாக நிரப்பப்பெறும் என்னும் பட்டியலைக் கல்வியியல் கல்லூரிச் சேர்க்கை தொடங்குமுன் வெளியிட்டால், கடன் வாங்கலாமா வேண்டாவா என்பதைப் பாச்சலூர்க் குடும்பம் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அப்பட்டியலை வெளியிடத் தில்லியின் ஒப்புதலும் தேவையில்லை. ஓர் உருபாச் செலவும் இல்லை.